பத்தியமும் பந்தியும்

ஒரு வீட்டில் இரண்டு உலை கொதிக்கத் தொடங்கினால், அங்கே ஏதோ தகராறு என்று ஊரார் எண்ணுவது வழக்கம். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள், அல்லது மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அதற்குப் பொருள். திருச்சியில் எங்கள் வீட்டிலும் சில மாதங்கள் இரண்டு உலை கொதித்தது. ஆனால் தகராறு மனிதர்களுக்குள் அல்ல. என் மனைவிக்கும் அவளுடைய வயிற்றுக்கும்தான்.

அந்தத் தகராறு ஏறக்குறைய மூன்று ஆண்டு நடந்தது. காலையில் சரியாக இருக்கும் வயிறு பகல் சாப்பாட்டுக்குப் பின் பறை போல் விம்மிக்கொள்ளும், பிறகு வலி, பிறகு ஓட்டம். வங்கியில் காசாளராக உட்காரும் ஸ்திரீ ஒருத்தி, எதிரே வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது எத்தனை தடவை எழுந்து போக முடியும்? கலியாணங்களுக்கு வருவதை நிறுத்தினாள். பஸ் பிரயாணத்தை நிறுத்தினாள். மொய் எழுதும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. "வயிற்றுக்கு ஆகவில்லை" என்று எத்தனை பேரிடம், எத்தனை நாள் சொல்லுவது? சொல்வதற்கே கூச்சமான நோய்களில் இது ஒன்று.

வைத்தியர் இரத்தம் பார்த்தார், மலம் பார்த்தார், குழாய் விட்டும் பார்த்தார். குடலில் புண்ணில்லை, கட்டியில்லை. கடைசியில், "இதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, என் தாயார் போலீஸ் அதிகாரிகளுக்கும் இந்த வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். எழுத்து ஒன்றுதான், விஷயம் வேறு. எளிதில் கலங்கும் குடல் என்று வைத்துக்கொள்ளலாம். குடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் நரம்புகளுக்குக் கூச்சம் அதிகம். மற்றவர்களுக்குத் தெரியாமலே கழிந்துபோகும் சிறு உப்புசம், இவர்களுக்கு வலியாகத் தெரியும்.

அந்த வைத்தியர் மாத்திரை அதிகம் எழுதவில்லை. ஆகாரத்தைக் கவனிக்கச் சொல்லி, உணவியல் அறிந்த ஓர் அம்மையாரிடம் அனுப்பி வைத்தார். அவர் சொல்லித்தான் 'ஃபாட்மேப்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டோம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்ஸனும் ஸூ ஷெப்பர்டும் 2005-ஆம் ஆண்டு வழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. பெயர்தான் பூதம் போலிருக்கிறதே தவிர, விஷயம் எளிது. நாம் உண்ணும் பதார்த்தங்களில் சிலவகைச் சிறிய சர்க்கரைகள் இருக்கின்றன. நாக்குக்கு அவை எல்லாம் தித்திப்பதில்லை. சிறுகுடல் அவற்றைச் சரியாக உறிஞ்சாது. வழியிலே அவை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பெருங்குடலை அடைந்ததும் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். இது எல்லோருக்கும் நடப்பதே. உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்கு அதுவே விருந்து; உடம்புக்கும் நன்மைதான். கூச்சக் குடல் உள்ளவர்களுக்கு மட்டும் அந்த விருந்தின் ஆரவாரம் தாங்குவதில்லை.

2014-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இந்த நோயுள்ள 30 பேருக்கு ஏறக்குறைய எல்லா உணவையும் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தச் சர்க்கரைகளைக் குறைத்த உணவை 21 நாளும், ஆஸ்திரேலியர் வழக்கமாக உண்ணும் உணவை 21 நாளும் உண்டார்கள். குறைத்த உணவை உண்ட காலத்தில் உபத்திரவம் ஏறக்குறையப் பாதியாயிற்று. எல்லோருக்கும் பலிக்கும் என்பதற்கில்லை. ஆயினும் 2021-ல் அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியும், இதைச் சில வாரங்கள் மட்டும் செய்து பார்க்கலாம் என்றே சொல்லுகிறது. 'சில வாரங்கள் மட்டும்' என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

விலக்க வேண்டியவற்றின் பட்டியலை வீட்டில் வாசித்தபோது ஒரு துக்கச் செய்தியைக் கேட்பது போலிருந்தது. வெங்காயம், பூண்டு, கோதுமை, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை, பால், காலிபிளவர், காளான், முந்திரி, தேன், மாம்பழம். தமிழ்நாட்டுச் சமையலறையில் இவை போக என்ன மிஞ்சும்? என் மனைவி அதற்கு ஒரு விடை கண்டுபிடித்தாள். எங்களுக்கெல்லாம் வழக்கம்போல் சாம்பாரும் பொரியலும் செய்து வைத்துவிட்டு, தனக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டாள். கஞ்சி, உப்பு, சில நாள் வெந்த காரட். பத்து நாள் இப்படி நடந்தது. வலி குறைந்தது வாஸ்தவந்தான். முகமும் குறைந்து போயிற்று.

ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். விளக்கைக்கூடச் சரியாகப் போடாமல், மேடையில் சாய்ந்து நின்றபடி அந்தக் கஞ்சியை அவள் குடித்துக்கொண்டிருந்தாள். "ஏன் எங்களோடு உட்காரவில்லை?" என்றேன். "நீங்களெல்லாம் சாப்பிடுகிற வாசனை வருகிறபோது இதைக் குடிக்கப் பிடிக்கவில்லைங்க" என்றாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். எண்ணெயில் கரைவது எது, நீரில் கரைவது எது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த அறிவைச் சொந்த வீட்டுச் சாம்பார்ச் சட்டியில் பிரயோகித்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறைக்குள் புகுந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த பாகசாஸ்திரம் காப்பி போடுவது ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள குற்றவாளிக்கு ஃப்ரக்டான் என்று பெயர். இது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே பாதிச் சமையல் அடங்கியிருக்கிறது. "வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்" என்று நாம் நோயாளிக்குச் சொல்லுகிறோமே, அதில் பிரயோஜனமில்லை. வரவேண்டியது ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டது. ஆனால் நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களைப் போட்டு, சிறு தீயில் பொன்னிறமாகும் வரை வைத்து, பிறகு பூண்டை ஒன்றுவிடாமல் அரித்து எடுத்துவிட்டால், மணம் எண்ணெயில் தங்கும். தொந்தரவு பூண்டோடு போய்விடும். அந்த எண்ணெயில் தாளித்து மிளகுக்குழம்பு வைத்தால் பூண்டு இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வறுத்த பூண்டு வீணாவதில்லை. என் மகனும் நானும் அதற்காகவே காத்திருப்போம். ஓர் எச்சரிக்கை: பூண்டு ஊறிய எண்ணெயைப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கலாகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய நஞ்சுக் கிருமி ஒன்று அதில் வளரக்கூடும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே காய்ச்சுவது உத்தமம்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ரசத்தில் இருந்தது. வயிறு சரியில்லை என்றால் நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? பருப்புத் தண்ணீர் விட்ட பூண்டு ரசம். வாயுவுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்பது என் தாயாரின் அசைக்க முடியாத அபிப்பிராயம்; அநேகருக்கு அது இதமாகவும் இருக்கலாம். ஆனால் துவரம்பருப்பில் உள்ள அந்தச் சர்க்கரைகளும் நீரில் கரைகிறவைதான். அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பருப்பு வேகும்போது அவை தண்ணீரில் இறங்கும். பூண்டின் ஃப்ரக்டானும் கூடவே வந்து சேரும். ஆக, மூன்று ஆண்டு காலம் வயிறு விம்மிய ஒவ்வொரு நாளும், விம்ம வைக்கும் இரண்டு பொருள்களையும் வடித்தெடுத்து, 'குடி, சரியாய்ப் போய்விடும்' என்று நாங்கள் அன்போடு அவளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறோம்! அவளும் மறுபேச்சில்லாமல் குடித்திருக்கிறாள்.

இதைத் தாயாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மகள் சொல்லிவிட்டாள். "அப்பாயி, நீ கொடுத்த ரசந்தான் அம்மாவுக்கு ஆகவில்லையாம்." பாட்டி அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னை அழைத்து, "வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, அவ்வளவுதானேடா? அமாவாசைச் சமையல்தானே? இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைக்கும் வீடுதான் எங்களுடையது. ஆனால் அமாவாசையும் விரத நாளும் வந்தால் இதே தாயார் வெங்காயத்தையும் பூண்டையும் தொடாமல் ஐந்து வகை சமைப்பாள். அந்த நாளில் சாப்பாடு குறைவாக இருந்ததென்று நாங்கள் யாரும் எழுந்ததில்லை; இன்னும் சொன்னால் அன்றுதான் அதிகம் சாப்பிட்டிருக்கிறோம். மெல்போர்னில் தேடியதில் ஒரு பாதி எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருந்தது!

மற்றப் பாதிக்குத்தான் கொஞ்சம் யோசனை வேண்டியிருந்தது. பெருங்காயம் வெங்காயத்தின் ஸ்தானத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம். டப்பியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். கடை மசாலாப் பொடிகளும் அப்படியே. ஒரு தடவை அவசரத்தில் ஏதோ ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, இரவெல்லாம் அவள் புரண்டதைப் பார்த்த பிறகுதான் அதன் சேர்மானத்தில் வெங்காயத் தூள் இருந்ததைக் கண்டேன். அது முதல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் வீட்டிலேயே வறுத்துப் பொடித்துக்கொள்கிறோம்.

பருப்பில்லாமல் சைவச் சாப்பாட்டில் பசி அடங்குமா என்பது நியாயமான கேள்வி. எங்கள் வழியைச் சொல்லுகிறேன். ஐந்து பேருக்கு 50 கிராம் பாசிப்பருப்பு; அதற்கு மேல் இல்லை. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். பருப்புத் தண்ணீரைக் கொட்டுவதா என்று கை கூசும்; கொட்டத்தான் வேண்டும். அதோடு சௌசௌவோ முட்டைக்கோஸோ காரட்டோ சேர்த்து, தேங்காய், சீரகம், மிளகு அரைத்துவிட்டால் கெட்டியான கூட்டு. இதற்குப் பக்கத்தில் வாழைக்காய் வறுவல் ஒன்று இருந்தால் போதும். என் மகன் பேச்சில்லாமல் மூன்று முறை சோறு வாங்கிக்கொள்கிறான். நிறைவு என்பது பருப்பில் மட்டும் இல்லை. நல்லெண்ணெயிலும் நெய்யிலும் மொறுமொறுப்பிலும் அது இருக்கிறது. நெய்யில் பால்சர்க்கரை அநேகமாக இல்லை, தாராளமாக விடலாம். முந்திரி ஆகாது, வேர்க்கடலை ஆகும். எனவே எலுமிச்சைச் சாதத்தில் கடலைப்பருப்புக்குப் பதில் வேர்க்கடலை. வெண்பொங்கலில் பருப்பைக் குறைத்து, மிளகையும் இஞ்சியையும் கூட்டி, முந்திரியை மறந்துவிடுவது. இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலை, கொத்தமல்லி எதற்கும் தடையில்லை. வெங்காயத்தின் ஞாபகம் மிகவும் வாட்டினால், வெங்காயத் தாளின் பச்சைப் பாகத்தை மட்டும் நறுக்கித் தூவலாம். வெள்ளைப் பாகம் உதவாது.

மீனும் முட்டையும் இறைச்சியும் உண்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். இவற்றில் அந்தச் சர்க்கரைகளே இல்லை. கெடுதல் எல்லாம் அரைத்துவிடும் மசாலாவில்தான்.

இட்லியை நாங்கள் கைவிடவில்லை. உளுந்து இருக்கிறதே என்று முதலில் பயந்தோம். ஆனால் மாவு இரவெல்லாம் புளிக்கிறபோது, குடலில் நடக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதி பாத்திரத்திலேயே நடந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடுகின்றன. நன்றாகப் பொங்கிய மாவில் மூன்று இட்லி வரை அவளுக்குத் தொந்தரவில்லை. சட்னியில் பொட்டுக்கடலையை நிறுத்தித் தேங்காயும் இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்தோம். ரவை உப்புமா போய், அரிசி உப்புமா வந்தது. சப்பாத்தி இரவுகளில் இடியாப்பம்.

பெரிய யுத்தம் நடந்தது காப்பியில். பாலில்லாத காப்பியை என் மனைவி ஒரு நாள் குடித்துப் பார்த்தாள். மறுநாள், "இதற்கு வயிற்றுவலியே தேவலை" என்றாள். பால்சர்க்கரை நீக்கிய பால் இப்போது கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகம். ஆகவே அது அவள் ஒருத்தியின் டம்ளருக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்தோம். தயிர்ச்சாதத்தை விட்டதுதான் அவளுக்கு உண்மையான வருத்தம். அந்த வருத்தத்துக்கு நான் பரிகாரம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே உலைக்குத் திரும்பிய வழி இதுதான்: பொதுப் பாத்திரத்தில் அவளுக்கு ஆகாதது எதுவும் போடுவதில்லை, மற்றவர்களுக்கு வேண்டியதை இலையில் போட்டுக்கொள்வது. சிறு வெங்காயத்தைத் தனி வாணலியில் வதக்கிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், வேண்டுகிறவர் குழம்பின் மேல் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். வேலை கூடுவது கால் மணி நேரம். அடுப்பு ஒன்று, குழம்பு ஒன்று, பந்தி ஒன்று. முதல் நாள் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தபோது யாரும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் தாயார் மட்டும் மருமகள் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள்.

இனி, சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும் சில விஷயங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, காய்ச்சல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்தே எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு — இவற்றில் ஒன்றிருந்தாலும் பத்தியத்தைத் தேடாமல் வைத்தியரைத் தேட வேண்டும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே, கோதுமைப் புரதம் ஒவ்வாத 'சீலியாக்' நோய்க்கான இரத்தப் பரீட்சையைச் செய்துகொள்வது அவசியம். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் பரீட்சையில் தெரியாமல் போகலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், நீரிழிவுக்காரர்கள் ஆகியோர் தாமாகவே இதில் இறங்கலாகாது.

அடுத்தது, நான் முன்பு நிறுத்தி வைத்த விஷயம். விலக்குவது இரண்டு முதல் ஆறு வாரத்துக்குத்தான். குடலின் நல்ல நுண்ணுயிர்களும் இந்தச் சர்க்கரைகளையே நம்பி வாழ்கின்றன. நீண்ட நாள் பட்டினி போட்டால் அவற்றின் தொகை குறைகிறது. கொஞ்சம் சுகம் கண்டவுடன் 'இனி ஆயுள் முழுவதும் இதுவே' என்று உட்கார்ந்துவிடுவது பெரும்பிழை. விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்து, எது குற்றவாளி, எது வெறும் சந்தேகக் கேஸ் என்று பிரித்தறிய வேண்டும். எங்கள் வீட்டில் இது ஐந்தாம் வாரம் முடிந்ததும் தொடங்கியது. பள்ளிக்கூட மதிப்பெண் புத்தகம் ஒன்றை அதற்கென்று ஒதுக்கினேன். ஒரு வாரத்துக்கு ஒரு பொருள்; முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் அதிகம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. மற்றதெல்லாம் விலக்கில் இருந்தபடியே இருக்க வேண்டும். பிறகு சில நாள் ஓய்வு.

முதலில் பரீட்சைக்கு வந்தது தயிர்; அவளுடைய பிடிவாதம் அது. மூன்று நாளும் தேறிவிட்டது. அன்றிரவு மாவடுவோடு அவள் தயிர்ச்சாதம் சாப்பிட்டதை நான் வர்ணிக்கப் போவதில்லை. பால் அரை டம்ளர் வரை தேறியது. சப்பாத்தி ஒன்று தேறியது, மூன்று தவறியது. துவரம்பருப்பு சாம்பார் ஒரு கரண்டி வரை பரவாயில்லை. மாம்பழம் இரண்டு துண்டு. பூண்டு மட்டும் முதல் நாளே அடியோடு தோற்றுப் போய்விட்டது. இவை என் மனைவியின் மதிப்பெண்கள். இன்னொருவர் வயிற்றில் தயிர் தவறலாம், பூண்டு தேறலாம். அந்தப் புத்தகத்தைத் தங்கள் வீட்டுக்கு இரவல் கேட்ட உறவினர்களுக்கு இதையே சொல்லி அனுப்பினேன்.

வலி முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. மாத முடிவில் வங்கிக் கணக்கு முடிக்கும் நாளில், என்ன உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் சென்ற தை மாதம் தஞ்சாவூரில் ஒரு கலியாணத்துக்கு அவள் பஸ்ஸில் வந்தாள், பந்தியில் உட்கார்ந்தாள், சாம்பாரை மட்டும் கைகாட்டி மறுத்துவிட்டு மோர்க்குழம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைசிப் பரீட்சை சிறு வெங்காயம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் நடந்தது. தாயார் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை போடுவது என்று கேட்டாள். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "இரண்டு போடுங்கள் அத்தை, பார்க்கலாம்" என்றாள் என் மனைவி. தாயார் மூன்று போட்டதை நான் பார்த்தேன். மதிப்பெண் புத்தகத்தில் மூன்று என்றே எழுதிக்கொண்டேன்.